கையில் ஒட்டிய ஆல்டிஹைடு

கல்லீரலில் ஒரு செல்லுக்குள்ளே நொதிப் பெண்கள் இரண்டு பேர் வேலை பார்த்து வந்தார்கள். செல் கருகிவிடாமல் காக்கும் குளூட்டாதயோன் காவலர்களை உருவாக்கி அனுப்புவதுதான் வேலை. செய்வதெல்லாம் பெரியவள். சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பர்க்கா" என்பாள். அந்தப் பிடி இல்லாவிட்டால் பெரியவளுக்கு வேலை ஓடாது.

ஒருநாள் செல்லின் கொழுப்புச் சுவர் கருகிப் புகைந்தது. புகையிலிருந்து ஆல்டிஹைடு என்ற நச்சுக் கூட்டம் கிளம்பியது. அதில் ஒருவன் நேரே வந்து பெரியவளின் கையில் பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டான்.

"விடுடா சனியனே! அது என் தங்கச்சி பிடிக்கிற கை."

"மாட்டேன். இனிமே எப்படிக் காவலரை அனுப்புவே? செல்லே சாம்பல்தான்!"

பெரியவள் பயந்துதான் போனாள். ஆனால் அவன் ஒட்டிய பிடியிலேயே கை தானாக ஓட ஆரம்பித்தது. பத்துக் காவலர், இருபது, ஐம்பது! அவர்கள் ஆல்டிஹைடுகளைக் கொத்தாகப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

"ஐயோ, அது எங்க சித்தப்பா!" என்று ஒட்டியவன் அலறினான். "கொஞ்சம் மெதுவா செய்யேன்!"

"நீ கையை விட்டாத்தானே மெதுவாகும்?"

விடலாமென்று பார்த்தான். பிசின் விடவில்லை.

புகை அடங்கியது. ஓரமாக நின்ற சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "இனிமே நான் எதுக்குக்கா? தனியாவே பின்னி எடுக்கறீங்களே."

"போடி பைத்தியம்," என்றாள் பெரியவள், கை நிற்காமல். "வேலையைக் கை பார்த்துக்கும். எனக்குப் பயமா இருக்குடி. பக்கத்துல உட்கார்ந்து ஏதாவது பேசு."

"சூப்பர்க்கா" என்று ஆரம்பித்தாள் சின்னவள். கையில் ஒட்டியிருந்தவனும் வேறு வழியில்லாமல் 'உம்' கொட்டினான்.