வாலில் விழும் அழுத்தம்

கிர்கிஸ்தானின் காராகோல் நகரில் சுற்றுலா வழிகாட்டி வகுப்பில் சன்னல் வெயில் மேசைகளில் கிடக்கிறது. ஆங்கிலச் சொல் எங்கே அழுத்தம் பெறுகிறதோ, அங்கே மாணவர்கள் விரல்களில் மாட்டிய ரப்பர் வளையத்தை இழுக்க வேண்டும். கிர்கிஸ் நாக்கு எல்லாச் சொல்லையும் வாலில், அதாவது கடைசி அசையில்தான், அழுத்தும். மாணவி புருல்சாவும் வாலிலேயே இழுக்கிறாள். "ஆடு மேய்ச்ச நாக்கு! இன்னொரு தடவை தப்பினா கோடைக்கு வழிகாட்டி வேலை தர மாட்டேன்" என்று உதட்டைச் சுழிக்கிறார் ஆசிரியர் எர்மெக். அந்நேரம் ஒரு வெளிநாட்டுக்காரி எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் ஏரிக்கு வழி கேட்கிறாள். எர்மெக்குக்கு வியர்க்கிறது. அவர் சொல்லும் பதிலின் ஒவ்வொரு சொல்லும் வாலில் போய் விழுகிறது. விழும்போதெல்லாம் புருல்சா கையை உயர்த்தி வளையத்தை இழுத்துக் காட்டுகிறாள். "இறக்குடி, வேலை போயிடும்!" என்று பக்கத்துத் தோழி கிள்ளுகிறாள். "இந்த ஆள் தர்ற வேலை எனக்கெதுக்கு?" என்று புருல்சா இன்னும் பலமாக இழுக்கிறாள். வளையம் அறுந்து எர்மெக்கின் மேசைமேல் விழுகிறது.