சாப்பாட்டு நேரத்துப் பால்

"இன்னிக்கு அந்த அங்கம்மாளைக் கையும் களவுமாப் புடிக்கறேன் பாரு!"

ஜெகதளா பக்கத்துப் பாக்கெட் பால் கம்பெனியின் மேனேஜர் வெள்ளியங்கிரி போனில் உறுமினார். கோயமுத்தூரில் இருக்கும் மனைவி மருதாம்பாளோடு மதியம் ஒரு மணிக்குப் பேசாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. காது கேட்க வேண்டுமே என்று, அறை வாசலில் இரைந்துகொண்டிருந்த காற்றுக் கம்ப்ரஸரை வழக்கம்போல் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, பாவம், பதினோரு வருசமா வேலை செய்யறவ. வால்வு கீல்வு ஒழுகுதோ என்னமோ?"

"போன வாரம் மாட்டுன புது வால்வு! காத்து இருக்கற வரைக்கும் தொட்டிக்கு அடியில இருக்கற ரப்பர் குழாயை நசுக்கிப் புடிச்சுக்கும், ஒரு சொட்டு இறங்காதுன்னு மெக்கானிக் சத்தியம் பண்ணிட்டுப் போனான். அப்படியிருந்தும் தினம் நாப்பது லிட்டர் பாலு குறையுது. எல்லாரும் சாப்பிடப் போறப்ப இவ மட்டும் வாளியைத் தூக்கிட்டு உள்ள ஓடறா. வேற யாரு?"

முந்தாநாள் அவள் ஏதோ சொல்ல வந்தாள். "உன் வேலையைப் பாரு, எனக்கே பாடம் எடுக்காதே" என்று விரட்டிவிட்டார். அப்போது முழித்தாளே ஒரு திருட்டு முழி, அது போதாதா? அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் கையெழுத்தாகிச் சட்டைப் பையில் தயாராக இருந்தது. அதை நீட்டினால் அவள் வீட்டில் அடுப்பெரியாது. எரியாவிட்டால் இவருக்கென்ன!

போனைக் காதில் வைத்தபடியே பூனைபோல் நடந்துபோய், பாக்கெட் போடும் அறைக் கதவைத் தள்ளினார்.

ஆகா! பால் தொட்டிக்கு அடியில் அங்கம்மாள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் குழாயில். கீழே வாளி நிறையப் பால்.

"மாட்டுனியா! யாருக்கு விக்கறே? சொல்லு!" கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

அவள் எழுந்திருக்கவில்லை, குழாயிலிருந்து கையையும் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, கண்ணில் தண்ணீர் முட்டியது.

"விக்கறதா? நான் கையெடுத்தா மொத்தத் தொட்டியும் தரையில போயிருமுங்க. மொதல்ல ஓடிப்போய்க் கம்ப்ரஸரைப் போடுங்க சார்!"

"எதுக்கு?"

"காத்து நின்னா வால்வு தொறந்துக்குதுங்க. ஒரு வாரமா நீங்க வீட்டம்மாகிட்டப் பேசி முடிக்கற வரைக்கும், நாந்தானுங்க சார் வால்வு!"