ரெங்கம்மாவின் நோய்

மூன்றாவது பிளேன்டீயையும் குடித்துவிட்டு வந்து பார்த்தால், வாங்குப் பலகையில் சின்னராசாவின் இடத்தில் ஒரு கைப்பை உட்கார்ந்திருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் மார்புப் புற்றுநோய் கிளினிக். முப்பது பெண்கள், ஒரு ஆண்.

அந்த ஆணைப் பார்த்த கண்களெல்லாம் ஒன்றையேதான் சொல்லின. பொண்டாட்டிக்குத் துணையாக வந்திருக்கிறார், தங்கமான மனுசன்.

நோய் தங்கமான மனுசனுக்குத்தான். இடது மார்பில்.

தேயிலை ஃபெக்டரியில் இருபத்தாறு வருசம் வேலை. முறுக்கு மீசை. தோட்டத்துக் கூட்டத்தில் துரையையே எதிர்த்துப் பேசிய வாய். அந்த வாயால் இந்த நோயின் பேரை எப்படிச் சொல்வது? அதனால் குடியிருக்கும் லயத்தில், நோய் பொண்டாட்டி ரெங்கம்மாவுக்கு என்று சொல்லிவைத்தார்.

ரெங்கம்மா மறுக்கவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய எத்தனையோ கூத்தைத் தாங்கியவள், இதையும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அதிலிருந்து லயத்துப் பெண்கள் அவளுக்கு நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னராசா சாப்பிட்டார். கோயிலில் அவள் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை நடந்தது. மருந்து ஏற்றி முடி கொட்டியது மட்டும் இவருக்கு. கதிர்காமத்து நேர்த்திக்கடன் என்று முந்திக்கொண்டு மொட்டை அடித்துவிட்டார்.

அம்மன்தான் பாவம். யாரைக் குணமாக்குவது என்று திண்டாடிப் போயிருப்பாள்.

"ஒக்காருங்க அண்ணே," என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அதன் சொந்தக்காரி. பேர் ஸுபைரா. பண்டாரவளையில் புடவைக்கடைக் குடும்பம். இவர் டீ குடித்த நேரத்துக்குள் ரெங்கம்மாவோடு பாதிச் சிநேகம் ஆகியிருந்தாள்.

சின்னராசா உட்கார்ந்தார். எழுந்தார். மின்விசிறியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

போன மாதம் டாக்டரம்மா, எங்கேயாவது வலி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எலும்புக்குப் பரவினால் வலிக்குமாம். "ஒண்ணுமே இல்லீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார். இன்றும் அதையேதான் சொல்லப்போகிறார். பஸ்ஸில் வரும்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

"எனக்கு வலது பக்கம்," என்றாள் ஸுபைரா. "இப்ப எலும்புக்கும் போயிட்டாம். ஒங்களுக்கு?"

"எனக்கு எடதுங்க," என்றாள் ரெங்கம்மா.

பக்கத்து வீட்டுக்காரிகள் ஊறுகாய்ப் பக்குவம் பேசுவதுபோல இரண்டு பேரும் பேசினார்கள். ஊறுகாய் சின்னராசாவுடையது.

"மொதல்ல காம்பு உள்ள இழுத்துக்கிச்சு. பூச்சி கடிச்சிருக்கும்னு ரெண்டு வருசம் தைலம் பூசுனேன். அப்பறம் பனியன்ல ரத்தக்கறை," என்றாள் ரெங்கம்மா.

பனியன்!

சின்னராசா கூரையைப் பார்த்தார். ஸுபைரா ஒரு நொடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தலைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வலி ஈக்கா?" என்றாள்.

"இருக்குங்க. படுத்தா இடுப்புல. செவுத்துப் பக்கமா திரும்பிக்கிட்டு, துண்ட வாயில கடிச்சிக்கிட்டுக் கெடப்பேன். பக்கத்துல இருக்கிற ஆளு தூங்குதுன்னு நெனப்பு."

ரெங்கம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அது தூங்குறதே இல்லீங்க."

அது சின்னராசாவின் இடுப்பு. அவருடைய துண்டு. இந்த வலியைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, பொண்டாட்டியிடம்கூட.

நாலாவது பிளேன்டீக்கு எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தார் நர்ஸ் மிஸ்.

"சின்னராசா!"

ரெங்கம்மா கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இதுதான் வழக்கம். அவள் முன்னால் போவாள், இவர் துணைக்குப் போகிறவர் மாதிரிப் பின்னால் போவார். கூப்பிட்டது புருசன் பேரைத்தானே என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க."

ஸுபைராவின் குரல் தணிந்திருந்தது. பேச்சு இப்போது ரெங்கம்மாவைத் தாண்டி இவரிடம் வந்தது.

"எங்கட வாப்பாவுக்கும் நெஞ்சுல இதே நோய்தான். ஒருத்தருக்கும் சொல்லல்ல. மவுத்தாகி, மய்யித்தக் கழுவக்கொளதான் கூடப் பொறந்த நானா கண்டாரு. அவரும் வெக்கப்பட்டுட்டு வாயத் தொறக்கல்ல."

சின்னராசாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கதவைப் பார்த்தார். மிஸ் கையைக் காட்டி அவசரப்படுத்தினார்.

"எனக்கு வந்தது வாப்பா வழியாத்தானாம். குடும்பத்துல வேற ஆருக்கும் ஈந்திச்சான்னு டொக்டர் போன மாசம் கேட்டதுக்குப் பொறகுதான் நானா சொன்னாரு. முன்னமே தெரிஞ்சிருந்தா நேரத்தோட வந்து காட்டியிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார்; கோபக்காரர்களைச் சமாளிப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

"ஒங்களுக்குப் பொம்புளப் புள்ளைகள் ஈக்கா, அண்ணே?"

ரெங்கம்மா எல்லாவற்றுக்கும் அவருக்காகப் பதில் சொன்னவள். இதற்குச் சொல்லவில்லை. கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

"மூணு பேரு," என்றார் சின்னராசா.