கரண்ட் போனாலும் நெட் போகாது

இன்றைக்கும் போய்விட்டது.

மகளின் இன்டர்வியூ பாதியில் திரை அப்படியே நின்றது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள்.

படிப்பை முடித்த பிறகு மகளைக் கூப்பிட்ட முதல் வேலை அது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

டிஷ்காரர் வீடு தெருக்கோடியில். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி டவரும் எட்டாது, குன்று மறைத்துவிடும். அவர்தான் மொட்டைமாடியில் ஒரு டிஷ் தட்டை நட்டு, டவுனிலிருந்து நெட்டை இழுத்துத் தெருவுக்கே கொடுத்தார். கம்பெனிக்காரன் கேட்டதில் பாதிகூட வாங்கவில்லை.

அப்போதே எனக்கு உறுத்தியது. சும்மாவா இவ்வளவு மலிவாகக் கொடுப்பான் ஒரு மனுஷன்?

"கரண்ட் போனாலும் நெட் போகாது, பேட்டரி போட்டிருக்கேன்" என்று அன்றைக்கு வாய் கிழியச் சொன்னார். இப்போது சாயங்காலம் கரண்ட் போனால் பின்னாலேயே நெட்டும் போகிறது. கேட்டால், பார்க்கிறேன் என்று மழுப்புவார். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்.

கல்குவாரி முதலாளிக்குத் திருப்பி விடுகிறார் என்றார் மளிகைக்கடைக்காரர். நம்மைக் காயப்போட்டு விலையை ஏற்றப் போகிறார் என்றாள் என் நாத்தனார். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தெருவே கரண்ட் இல்லாமல் கிடக்க, உள்ளே சின்னதாக ஏதோ மோட்டார் ஓடும் சத்தம்.

ஆக, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று கதவைத் தள்ளினேன்.

கட்டிலில் அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கிலிருந்து மருந்துப் புகை கசிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. இந்த அக்காவை வெளியே பார்த்தே நாளாகிவிட்டது. திமிர் என்று நினைத்திருந்தேன்.

மருந்து மெஷினின் வயர் பேட்டரியில் இருந்தது. பக்கத்திலேயே நெட் பெட்டி, வயரைப் பிடுங்கிப் போட்டு, விளக்கெல்லாம் அணைந்து கிடந்தது.

"பழைய பேட்டரிம்மா. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ரெண்டுமே நின்னுடுது. வெளில சொல்லக்கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிட்டா" என்றார் டிஷ்காரர்.

அப்போதும் என் புத்தி போகவில்லை. குனிந்து, அந்த மெஷின் நிஜமாகவே ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வசவு ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொண்ணுக்கு இன்டர்வியூ, அண்ணே. பாதியில நிக்குது" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மாஸ்க்கைக் கழற்றினாள். மெஷினின் வயரைத் தானே பிடுங்கினாள். நெட் பெட்டியின் வயரை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை.

கடைசியில் அவர் வாங்கிச் செருகினார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. சொல்லவில்லை.

மோட்டார் சத்தம் அடங்கியதும் அக்காவின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. அவர் ஒரு அட்டையை எடுத்து அவளுக்கு விசிறத் தொடங்கினார். பெட்டியில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது.

என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. மகள் அனுப்பியிருந்தாள்.

"வந்துடுச்சும்மா. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டியா?"