எந்தப் பூ?

"ஓடியாம்மா! அப்பா இருசப்பன் சித்தப்பாவைக் கற்பூரம் அணைக்கச் சொல்றாரு!"

உண்ணாமலை பதறிப்போய் அம்மா பச்சையம்மாளை மாரியம்மன் கோயில் வாசலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அவர்களுடைய எட்டுத் தேன்பெட்டிகளிலும் தேனீக்கள் செத்துக் குவிந்திருந்தன. பக்கத்துக் கொல்லை இருசப்பன், பூத்து நின்ற கத்தரிக்குப் பகலில் பூச்சிமருந்து அடித்துவிட்டார் என்பது அப்பா ஆதிமூலத்தின் புகார்.

"தேனீ கூட்டுக்கு வந்தப்புறம் சாயங்காலமா அடின்னு எத்தினி வாட்டி சொன்னேன்? பகல்ல அடிக்கலன்னா, கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுடா!"

இருசப்பன் எரியும் கற்பூரத்தின் மேல் கையை நீட்டினார். அணைக்காமலே கையை இழுத்துக்கொண்டார்.

"தப்புதாண்ணா. தீபம் பாக்க டவுனுக்குப் போவணும்னு காலையிலயே அடிச்சுட்டேன்."

"இனிமே என் கெணத்துலேருந்து உன் கொல்லைக்கு ஒரு சொட்டு தண்ணி வராது!" என்று கத்தினார் ஆதிமூலம்.

உண்ணாமலை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நம்ம அவரைக்கு அப்பா என்னைய சாயங்காலம்தான் மருந்து அடிக்கச் சொன்னாரும்மா. நானும் தீபம் பாக்கணும்னு காலையிலயே அடிச்சுட்டேன்."

பச்சையம்மாள் சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள்.

உண்ணாமலை அந்தக் கையை விலக்கினாள்.

"அதுங்க எந்தப் பூவுக்கும்மா போச்சுங்க?"