முத்துத்தாயின் தோட்டம்

"இது பி.டி. கத்தரிக்காய் இல்லையே?" என்று மீனலோசனி கேட்டதும், முத்துத்தாய் செடியிலிருந்து ஒரு காயைப் பறித்து அதிலிருந்த ஓட்டையைக் காட்டினாள்.

"அந்தக் காய புழு திங்காதுன்னு சொல்றாகளேம்மா. இதத் தின்னிருக்கு பாருங்க."

மீனலோசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரை கே.கே. நகரிலிருந்து கீழக்குயில்குடி வரை வந்தது வீண்போகவில்லை.

2009 கடைசி. பேப்பரைத் திறந்தால் மரபணு மாற்றிய கத்தரிக்காய் பற்றித்தான் சண்டை. வீட்டிலோ மகள் ஸ்ரீவர்ஷினி ஐந்து மாதக் கர்ப்பிணி. அதனால் மூன்று மாதமாக வெங்கடேஷ்பாபுவின் இயற்கைக் காய்கறிக் கடையை விட்டு வேறெங்கும் மீனலோசனி வாங்குவதில்லை. அந்தக் கடைப் பாக்கெட்டில் ஒரு பச்சை இலைப் படம் இருக்கும். இலைக்குக் கீழே, 'விவசாயி: முத்துத்தாய், கீழக்குயில்குடி.'

அந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் விடாமல் கேட்டதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடேஷ்பாபுவே தாயையும் மகளையும் காரில் ஏற்றிக் கூட்டிவந்தார்.

சமணர் மலை நிழல் விலகி வெயில் அப்போதுதான் தோட்டத்தில் விழுந்திருந்தது. இந்தப் பக்கம் கத்தரி, அந்தப் பக்கம் தக்காளி. முத்துத்தாய்க்கு நாற்பது வயதிருக்கும். கட்டியிருந்த சேலையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.

மீனலோசனி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். எளிதில் விடுகிற ஆள் இல்லை.

புழுவுக்கு என்ன அடிப்பீர்கள்? இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்த கரைசல். எத்தனை நேரம் ஊற வேண்டும்? ஒரு ராத்திரி. அசுவினிப் பூச்சிக்கு? வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும்.

முத்துத்தாய் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வாய்க்காலில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா. உக்கிரபாண்டின்னு பேரு." இதைச் சொல்லும்போது மட்டும் முத்துத்தாய் வேறு பக்கம் பார்த்தாள்.

மீனலோசனி மகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னாள். அதே பாஷைக்காரரான வெங்கடேஷ்பாபுவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், நல்லதாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குள் ஸ்ரீவர்ஷினி தக்காளிப் பக்கம் போயிருந்தாள். பழுத்த ஒன்றைப் பறித்துத் துப்பட்டாவில் துடைத்தாள். மசக்கை விட்ட பிறகு அவளுக்கு எந்நேரமும் பசி. வாய்க்குக் கொண்டுபோனாள்.

முத்துத்தாய் இரண்டு பாத்தியை ஒரே எட்டில் தாண்டி வந்து அவள் கையை ஓங்கித் தட்டினாள்.

தக்காளி வரப்பில் விழுந்து உடைந்தது.

"திங்காத தாயி. நேத்துத்தான் மருந்தடிச்சது."

"இஞ்சி பூண்டு தானே?" ஸ்ரீவர்ஷினி வலித்த கையைத் தடவிக்கொண்டாள்.

"இல்ல தாயி. கடை மருந்து. நான்தான் முதுகுல டப்பாவ மாட்டிக்கிட்டு அடிச்சேன்."

வெங்கடேஷ்பாபு கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

வாய்க்காலில் நின்றவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"ஏ முத்துத்தாயி, ஒரு மணி நேரம் என் தோட்டத்துக்கு மொதலாளியா நிக்கச் சொன்னா அம்புட்டுக்கூட ஏலலையா ஒனக்கு? நாளையிலருந்து இங்க வேலைக்கு வராத."

உக்கிரபாண்டிதான் தோட்டத்துச் சொந்தக்காரர். அவள் அங்கே தினக்கூலிக்கு வருகிறவள். பாக்கெட்டில் போட வெங்கடேஷ்பாபு அவள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

மீனலோசனி முத்துத்தாய் பக்கம் திரும்பி, "அப்ப சொன்னது எல்லாமே பொய்யா?" என்றாள்.

"தோட்டம் என்னுதுன்னதுதாம்மா பொய்யி. இஞ்சி பூண்டு பொய்யில்ல. எங்க வீட்டுக்குப் பின்னால நாலு செடி நிக்கிது. அதுக்கு அதத்தான் அடிப்பேன்."

அம்மாவும் மகளும் காரில் ஏறவில்லை. மெயின் ரோடு வரை நடந்து, ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள்.

பத்து நாள் கழித்து மீனலோசனி தனியாக வந்து, கேட்டுக் கேட்டு முத்துத்தாய் வீட்டைக் கண்டுபிடித்தாள். முத்துத்தாய்க்கு அதுவரை வேறு வேலை கிடைத்திருக்கவில்லை.

"இனிமே எங்களுக்கு நீங்களே காய் கொண்டு வாங்க. எங்க வாங்கினாலும் சரி. அதுல என்ன அடிச்சிருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க," என்றாள் மீனலோசனி.

அப்படித்தான் முத்துத்தாய் கே.கே. நகருக்குக் கூடையோடு வர ஆரம்பித்தாள். அவளுடைய காய்க்குப் பாக்கெட்டும் கிடையாது, இலையும் கிடையாது. விற்கிறவளே, "கோசுல மருந்து சாஸ்தி, எடுக்காதீக. வெண்டைக்காய உப்புத்தண்ணியில போட்டு வைங்க. கீரை மட்டும் எங்க வீட்டுது," என்று சொல்வதைக் கேட்டு முதலில் எல்லாரும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். தை பிறப்பதற்குள் அவளுக்காக வாசலில் காத்திருந்தார்கள்.

சித்திரையில் ஸ்ரீவர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அந்த மாதம்தான் மூன்றாவது தெருவில் புதிதாக ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சாரதாம்பாள் என்று ஒரு வயதான அம்மா. கூடையில் இருந்த ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு, கீரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"என்னையப் பத்தி யாரும்மா சொன்னாக?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"எம் மகன்தான். வீட்டுக்கு வாங்கினா உங்கிட்ட மட்டும்தான் வாங்கணும்னு சொல்லிட்டான்."

முத்துத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஹாலில் வெங்கடேஷ்பாபு, பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.