காகம் உட்கார்ந்தால் வரும் படம்

கேபிளை நிறுத்திவிட்ட ஒரு வீட்டின் மொட்டைமாடியில், பதினேழு வருடங்களாகச் சும்மா நின்ற ஆன்டெனாவுக்கு மறுபடி வேலை வந்தது. அதன் ஒன்பது குழாய்களில் மூன்று எப்போதோ போய்விட்டன. இரண்டு நாள் திருப்பித் திருப்பி வைத்தும் ஒரு சேனல்கூட வரவில்லை.

"நாளைக்கும் வரலைன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னது ஆன்டெனாவின் காதில் விழுந்தது.

மறுநாள் காலை, பக்கத்து வேப்பமரத்துக் காகம் வந்து அதன் நுனியில் உட்கார்ந்தது. ஆன்டெனா கொஞ்சம் சாய்ந்தது.

"வருது, வருது, அப்படியே விடு" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. காகம் எழுந்ததும் படம் போய்விட்டது.

"கொஞ்சம் உட்காரேன், தங்கச்சி" என்றது ஆன்டெனா.

"கூட்டுல நாலு முட்டை இருக்கு அண்ணே. அவரும் போன வாரம் கரண்டுக் கம்பியில போய்ச் சேர்ந்துட்டார். நான்தான் அடைகாக்கணும்."

"செய்தி முடியற வரைக்கும்தான். இந்த வெயில்ல முட்டை ஆறவா போகுது?"

"உன் எலும்பைப் பார்த்தாலும் பாவமாத்தான் இருக்கு" என்று காகம் உட்கார்ந்தது.

செய்தி முடிந்து பாட்டு வந்தது, பாட்டு முடிந்து சினிமா வந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்றும் "இன்னும் பத்தே நிமிஷம்" என்று ஆறு முறை சொல்லிக் காகத்தை நிறுத்திவைத்தது ஆன்டெனா.

ஐந்தாம் நாள் காகம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.

"முட்டைக்கு நேரமாகலையா?"

"இனிமே எவ்வளவு நேரம் வேணாலும் உட்காருறேன் அண்ணே."

ஆன்டெனாவுக்குத் தலைகுனிய வேண்டும் போலிருந்தது. குனிந்தால் படம் போய்விடும் என்று அசையாமல் நின்றது.